குழுவின் மேசைக்கு வராத மீன்கள்

மீன் குறைகிறது என்ற குரல் பலமாகும்போது சட்டமன்றங்கள் வழக்கமாகச் செய்வது, குழுவொன்றைக் கூட்டி ஆய்வுக்கு ஏற்பாடு செய்வதுதான். கனடாவின் பிரேசர் ஆற்றில் சல்மன் வரத்து குறைந்தபோது அங்குள்ள பாராளுமன்றக் குழு அதைத்தான் செய்தது. கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கு எதிராக மீனவர்கள் தெருவில் இறங்கியபோது, 1980களில் அரசு மூன்று நிபுணர் குழுக்களை அடுத்தடுத்து அமைத்தது. நம் இலங்கையிலும் கடற்றொழில் அமைச்சுசார் ஆலோசனைக் குழு கூடுகிறது, துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் கூடுகின்றன. அதிகாரிகளைக் கேள்வி கேட்கின்றன, அறிக்கை கோருகின்றன. இது வீண் வேலை என்று ஒதுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இந்த நடைமுறை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமலே விடுகிறது என்பது கடலிலிருந்து வெகு தூரத்தில், மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவில் நின்று பார்க்கும்போது நன்றாகத் தெரிகிறது.

யட்டவத்த மலைநாட்டின் விளிம்பில் இருக்கிறது. மிளகும் கொக்கோவும் விளையும் சரிவுகள் உள்ள ஊர். இங்கே மீன் வேனில் வரும், அல்லது மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில் வரும். ஒரு பக்கம் கடல் சூரையும் சாளையும். மறுபக்கம் நீர்த்தேக்கத்துத் திலாப்பியா. வாங்க வருபவர்களின் கை பெரும்பாலும் இரண்டாவதன் பக்கம்தான் போகிறது, காரணம் விலை. தோட்டக் குடும்பங்களுக்கு நெத்தலிக் கருவாட்டை விட்டால் அடுத்த புரதம் இதுதான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். உள்நாட்டு மீன்வளம் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இரண்டு எண்களையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

திலாப்பியா நம் மண்ணின் மீனல்ல. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்து குளங்களில் விட்டார்கள். நம் ஆற்று மீன்களில் பல தேங்கிய நீரில் பெருகுவதில்லை, திலாப்பியா பெருகியது. மன்னர்கள் கட்டிய குளங்களும் பின்னாளில் மகாவலித் திட்டம் கொடுத்த நீர்த்தேக்கங்களும் அதற்கு வீடாயின. ஏழை வீட்டுச் சட்டிக்கு மீன் கிடைத்ததென்றால் அந்தத் தீர்மானத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

குழுவும் ஆய்வும் இல்லாமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1990இல் பிரேமதாச அரசு, உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற சமயக் கருத்தை ஏற்று, உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. மீன் குஞ்சு விடுவது நின்றது. வலைக் கண்ணின் அளவைக் கண்காணிப்பதும் நின்றது. 1989இல் ஏறக்குறைய 39,700 தொன்னாக இருந்த உள்நாட்டு மீன் உற்பத்தி 1994இல் 12,000 தொன் என்று பதிவாயிற்று. அந்த ஆண்டு ஆட்சி மாறியதும் ஆதரவு திரும்பியது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டம் நக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. குளத்தோரக் குடும்பங்களின் பிழைப்பைத் தொட்ட அந்த 1990ஆம் ஆண்டு முடிவு, மீனவரையோ மீன்வள ஆய்வாளரையோ அழைத்து எதிரில் உட்காரவைத்துக் கேட்காமல் எடுக்கப்பட்டது. பாராளுமன்றக் குழுவின் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது. பகிரங்கமாகக் கேள்வி கேட்கும் மேசை ஒன்று இருந்தால், அமைச்சர் ஒருவரோ ஜனாதிபதியோ ஒரே இரவில் துறை ஒன்றை மூடுவது கடினம்.

ஆனால் அதே எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 39,700இலிருந்து 12,000க்கு விழுந்தது மீனா, எண்ணிக்கையா? அரசு விலகிய அந்த ஆண்டுகளில் பிடியைக் கணக்கெடுக்கும் ஏற்பாடும் சேர்ந்தே தளர்ந்துபோனது. சிறு கண் வலைகள் குளங்களுக்குள் வந்தன, மீனவர் சங்கங்கள் பலம் இழந்தன. மீன் உண்மையிலேயே குறைந்திருக்கும். எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய பதிவேடுதான் இல்லாமற் போனது. குழுக்களின் ஆய்வுகள் முதலில் இடறி விழுவது இங்கே. வீழ்ச்சிக்குப் பிறகு ஆய்வுக்கு உத்தரவிடுகிறோம். வீழ்ச்சிக்கு முந்திய நிலை எந்தப் புத்தகத்திலும் இருப்பதில்லை. ஆய்வாளர் கிடைத்த துண்டு எண்களை வைத்துப் போக்கொன்றைக் கணிக்கிறார், குழு அதை ஏற்கிறது, அடுத்த குழு அதையே மேற்கோள் காட்டுகிறது.

இன்று எண்ணப்படுவது எது? நீர்த்தேக்கக் கரையில் நடக்கும் குஞ்சு விடும் வைபவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒட்சிசன் நிரப்பி வாய் கட்டிய பொலித்தீன் பைகள் லொறியிலிருந்து இறங்கும். பைக்குள் இருக்கும் நீரும் குளத்து நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை அவற்றை நீரில் மிதக்கவிட வேண்டும். அவசரப்பட்டு அவிழ்த்தால் குஞ்சுகள் அதிர்ச்சியில் செத்துப்போகும். அதன் பிறகு பிரமுகர்கள் வரிசையாகக் குனிந்து பைகளைச் சாய்ப்பார்கள், படம் எடுக்கப்படும், இத்தனை இலட்சம் குஞ்சுகள் விடப்பட்டன என்று செய்தி வரும். அந்த எண் குழுவின் முன் வைக்கப்படும் அறிக்கைக்கும் போகும். அதில் எத்தனை பிழைத்தன, எத்தனை வலையில் வந்தன, அதே நீரில் முன்பிருந்த மீன் என்னவாயிற்று என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒற்றை எண் பதில் சொல்லாது. விடுவதை எண்ணுவது எளிது, விளைவை அளப்பது கடினம். எளிதானதை அறிக்கையில் போட்டுக் கடினமானதை விட்டுவிடும் பழக்கத்தைக் குழுக்கள் தட்டிக் கேட்பது அரிது.

மாத்தளையில் உண்மையாகவே குறைந்துவரும் மீன்கள் வேறு. அவை யட்டவத்தச் சந்தைப் பெட்டியில் இல்லை. அம்பன் கங்கையிலும் நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்கள் அவை. சிங்களத்தில் கடயா எனப்படும் மீன் ஒன்று உண்டு. பெரும் பாறைகளுக்கு இடையே வேகமாக ஓடும் ஆழமான நீரில் இருந்துகொண்டு, பாறைமேல் படியும் பாசியை மேய்ந்து வாழும். உலகில் மகாவலி ஆற்று வடிநிலத்தைத் தவிர வேறெங்கும் அது இல்லை. இதை அறிவியல் உலகுக்கு 1917இல் விவரித்த இருவரில் ஒருவர் டேவிட் ஸ்டார் ஜோர்டான். 1880இல் அமெரிக்கப் பசிபிக் கரையின் மீன்களைச் சார்ள்ஸ் கில்பர்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்தவர், சல்மன் பற்றிய தொடக்க கால அறிவுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். அவர் ஆராய்ந்த சல்மனுக்காக எத்தனையோ குழுக்களும் ஆணைக்குழுக்களும் கூடிவிட்டன. அவர் பெயரிட்ட கடயாவுக்காக ஒரு குழு கூடியதாக நான் அறியேன். இதே வடிநிலத்தில் தும்பர பெத்தியா என்ற மீனும் இருக்கிறது. 1991இல்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. கடயாவைப் போலவே இதுவும் அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனம்.

இவற்றின் வாழிடத்துக்கு என்ன நடந்தது? 1976இல் பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். அந்த நீர் சுது கங்கையில் விழுந்து அம்பன் கங்கையோடு சேர்ந்து பொவதென்னவுக்குப் போகிறது. பிறகு மொரகஹகந்த வந்தது. 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கிய, 570 மில்லியன் கனமீற்றர் கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம். அடுத்த ஆண்டு களுகங்கை, 248 மில்லியன் கனமீற்றர். வட மத்திய மாகாணத்தின் வயலுக்கும் குடிநீருக்கும் இந்த நீர் தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாறையிடுக்கில் பாய்ந்த நீர் பல கிலோமீற்றருக்குத் தேங்கிய நீராக மாறிவிட்டது. ஓடும் நீரை நம்பிய கடயாவுக்கு அங்கே மேய இடமில்லை. திலாப்பியாவுக்கு உண்டு. நீர்த்தேக்கத்தின் மீன் உற்பத்தி கூடியது என்று ஓர் அறிக்கை உண்மையாகவே சொல்லலாம். அதே ஆண்டில், அதே இடத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் ஒரு குடியிருப்பை இழந்திருக்கலாம். இரண்டும் ஒரே அறிக்கையில் வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பதுதான் இந்த நடைமுறையின் ஆழமான குறை. குழுக்கள் அமைச்சுக்களை ஒட்டிப் பிரிக்கப்பட்டவை. நீர்த்தேக்கம் மகாவலி அதிகார சபையுடையது, மின்சாரம் மின்சாரத் துறையுடையது, குளத்து மீன்பிடி நக்டாவுடையது, அரிய இனங்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, சுற்றாடல் மதிப்பீடு இன்னோர் அமைச்சின் கோப்பு. ஆற்றில் மீன் குறைந்தால் அதன் காரணம் பெரும்பாலும் இந்த எல்லைகளுக்கு நடுவில் கிடக்கும். கடற்றொழிலுக்கான குழு தன் அமைச்சின் அதிகாரியைத்தான் அழைக்கிறது. மதகை எப்போது திறப்பது என்று தீர்மானிக்கும் பொறியியலாளரை அழைப்பதில்லை. மற்றவர்களை அழைக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இருக்கிறது. திணைக்களம் எதற்கும் இல்லாத அந்த வசதியை அது பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

சந்தை மதிப்பும் குழுவின் பார்வையை வளைக்கிறது. நம் மன்னார்ச் சிப்பிக் கரையின் கதை இதற்கு நல்ல பாடம். முத்துக் குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்துப்போனதால் காலனிய அரசு பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் வரவழைத்தது. அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலும் செய்த ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்கள் பற்றி இன்றும் புரட்டப்படும் நூல் அது. ஆய்வென்ற வகையில் குறை சொல்ல முடியாது. இடையில் குளிப்பு கொழித்தது. அந்த உற்சாகத்தில் 1906இல் சிப்பிக் கரைகள் ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்குப் போயின. சிப்பிகள் மீண்டும் காணாமற் போயின. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. நல்ல ஆய்வு கையிலிருந்தும், வருமானக் கணக்கு ஒன்றையே கேள்வியாக வைத்துக்கொண்டவர்கள் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கனடாவின் அனுபவத்தை நம் பாராளுமன்றத்தினர் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிரேசர் ஆற்று சல்மன் பற்றி அங்கே பாராளுமன்றக் குழு 2003இலும் 2005இலும் அறிக்கை கொடுத்தது. இரண்டாவது அறிக்கையின் தலைப்பே, மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற சலிப்பைச் சொல்வது. அதற்குப் பிறகும் 2009இல், 10 மில்லியன் அளவில் எதிர்பார்த்த சொக்காய் சல்மன் 1.5 மில்லியன் அளவில்தான் திரும்பியது. அரசு, நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைத்தது. விசாரணை தொடங்கிய 2010இல் மீன் 30 மில்லியனை நெருங்கி வந்து எல்லோரையும் குழப்பியது. ஓராண்டின் எண்ணை வைத்து அழுவதும் சிரிப்பதும் எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2012 ஒக்டோபரில் 75 பரிந்துரைகள் வந்தன. அவற்றில் பல வழக்கமான வேகத்தில்தான் நகர்ந்தன. ஆனால் ஒன்றில் தேதி இருந்தது: டிஸ்கவரி தீவுகளின் மீன் பண்ணைகளால் காட்டு சல்மனுக்கு ஆபத்து மிகக் குறைவு என்று 2020 செப்டெம்பர் 30க்குள் அமைச்சர் திருப்தியடையாவிட்டால் அவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்றது. அந்தத் தேதி நெருங்கியபோது அமைச்சர் எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் பண்ணைகளை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. பரிந்துரையின் நீளத்தைவிட அதன் தேதி அதிகம் சாதித்தது.

நம் பாராளுமன்றத்தால் முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. இழுவை மடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், தனிநபர் பிரேரணையாக அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்தது. பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகளின் வருகை அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் உறுப்பினர் ஒருவரின் பிடிவாதம் சட்டமாக முடியும் என்று அது காட்டியது.

மாத்தளை நீர்நிலைகளைப் பற்றி நாளை ஒரு குழு கூடுமானால், புதிய பேராய்வுக்குப் பணம் ஒதுக்கும் முன் சின்ன வேலை ஒன்றைத் தொடங்கலாம். மொரகஹகந்தவுக்கு மேலே, ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சில மடுக்களைத் தெரிவுசெய்து, ஒவ்வோர் ஆண்டும் நீர் வற்றும் காலத்தில் ஒரே முறையில் கடயாவையும் பெத்தியாவையும் எண்ண வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. லக்கலப் பக்கத்தில் ஆற்றோடு வளர்ந்த முதியவர்களையும் நீர்த்தேக்கத்தில் வலை போடுபவர்களையும் கொழும்புக்கு அழைத்து, சிங்களத்திலோ தமிழிலோ அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். எழுத்தில் இல்லாத பழைய நிலையை அறிய இன்று வேறு வழியில்லை. சிறு கண் வலை பற்றிய கேள்வியும் அதே மேசைக்கு வரட்டும். நீர்த்தேக்கங்களில் யாரும் அதிகம் பிடிக்காத சிறு மீன்களைத் திலாப்பியாவுக்குச் சேதமின்றிப் பிடிக்கலாம் என்று களனிப் பல்கலைக்கழக ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலைக்கு இருக்கும் பொதுத் தடை அதற்கு இடம் கொடுப்பதில்லை. தோட்டக் குழந்தைகளின் தட்டுக்கு முள்ளோடு சாப்பிடக்கூடிய மலிவான மீன் வரக்கூடிய வழி அது. எங்கே, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில் தளர்த்தலாம் என்பதை ஆய்ந்து சொல்லும்படி நக்டாவைக் குழு கேட்க முடியும். கேட்கும் கடிதத்தில் பதிலுக்கான தேதியையும் எழுதி அனுப்ப வேண்டும்.