கறுவா மேட்டில் ஒரு சாடி

பங்குனியில் கொழும்பில் குயில் விடாமல் கூவும். முள்முருக்கு சிவக்கும். கொள்ளுப்பிட்டி மதில்களுக்கு மேலே அலரிக் கொம்புகள் இலை உதிர்த்து, நுனியில் மட்டும் பூ வைத்து நிற்கும். நமக்கு வசந்தம் என்றால் இதுதான். லுணுகங்கைக்குப் போகவும் இதுவே காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் அங்கே நின்று பார்க்க மழை விடாது.

நண்பர்கள் கூட்டமாகக் கொள்ளுப்பிட்டியில் கரையோர ரயில் ஏறி, அளுத்கமையில் இறங்கி, ஓட்டோ பிடித்துப் போனோம். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிய பழைய றப்பர்த் தோட்டம்தான் லுணுகங்கை. பெந்தோட்டைக்கு உள்ளே, தெத்துவ வாவிக் கரையில் இருக்கிறது. அப்போது அவர் சட்டத்தரணி. இந்த வளவைத் திருத்தப் புறப்பட்ட ஆசைதான் அவரைக் கட்டடக்கலை படிக்க வைத்தது. லண்டனில் படித்து முடித்தபோது 1957, வயது 38.

பூச்செடி பார்க்கப் போகிறவருக்கு லுணுகங்கை ஏமாற்றமாக இருக்கும். பாத்திகள் இல்லை, வண்ண வரிசைகள் இல்லை. பச்சை, அதற்குள் இன்னொரு பச்சை, நிழல், தண்ணீர். எனக்கு அந்த அடக்கம்தான் பிடித்தது.

வீட்டின் தெற்குத் திண்ணையில் நின்றால் புல்வெளி இறங்கி, மறுபடி ஏறிக் கறுவா மேடாகிறது. மேட்டின் உச்சியை வெட்டித் தணித்திருக்கிறார் பாவா; அதனால் அப்பாலுள்ள வாவி தெரிகிறது, வாவிக்கும் அப்பால் கட்டகுளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் தெரிகிறது. திண்ணைக்கும் தாதுகோபத்துக்கும் இடையே கண் தரித்து நிற்க ஓரிடம் வேண்டும். மேட்டில் ஒரு மகிழமரத்தின் கீழ் பெரிய சீனச் சாடி ஒன்றை வைத்தார். அவ்வளவுதான். அந்தச் சாடியில் ஒரு கணம் நின்று, பிறகுதான் கண் தூரத்துக்குப் போகிறது. கையால் சாடியை மறைத்துப் பார்த்தேன். தாதுகோபம் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிட்டது.

வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஊர்ப் பாதையொன்று போகிறது. அதைப் பள்ளத்தில் தாழ்த்தி மறைத்திருக்கிறார்கள். பாதையில் போகிற சைக்கிளின் மணி கேட்கும், ஆளைக் காண முடியாது. எடுத்ததும் ஒளித்ததும் நட்டதைவிட அதிகம் வேலை செய்கிற தோட்டம் இது. அலரி மரங்களின் கொப்புகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவை தரையை நோக்கி வளைந்து படரும்படி செய்தாராம். இலை உதிர்ந்த பங்குனியில்தான் அந்த வளைவுகளின் முழுக் கோலமும் வெளிப்படுகிறது.

இத்தகைய இடத்துக்குத் தனியே போவதே நல்லது என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். எங்களில் ஒருத்தி முன்னே நடந்து சாடியருகே போய் நின்றாள். திண்ணையிலிருந்த எங்களுக்கு அவள் விரல் உயரம்தான். அருகில் என்று எண்ணியிருந்த மேடு சட்டென்று விலகிப் போனது. அந்தத் தூரத்தை அளந்து காட்ட ஒரு மனித உருவம் தேவைப்பட்டது.

கொள்ளுப்பிட்டிக்காரர்கள் முதலில் பகத்தலே வீதியின் 33ஆம் ஒழுங்கையில் உள்ள பாவாவின் 11ஆம் இலக்க வீட்டைப் பார்த்துவிட்டுப் போனால் சுவை கூடும். 1958இல் வரிசையான நான்கு சின்ன வீடுகளில் ஒன்றை எடுத்து, வருடங்கள் போகப் போக நான்கையும் ஒன்றாக்கியிருக்கிறார். வெள்ளை நடையின் முடிவில் வானம் திறந்த ஒரு சின்ன வெளிச்சக் கிணறு, செட்டிநாட்டிலிருந்து வந்த பழந்தூண்கள், கொஞ்சம் தண்ணீர். லுணுகங்கையில் வாவிவரை விரித்த அதே கண்விளையாட்டு அங்கே சில அடிகளுக்குள் நடக்கிறது.

இரண்டு இடங்களுக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். லுணுகங்கையில் பின்னேரம்வரை இருக்கும்படி நேரம் கேளுங்கள். உச்சிவெயிலில் பச்சைகள் எல்லாம் ஒன்றாகிவிடும், வெயில் சாயும்போதுதான் அவை பிரிந்து தெரியும்.