ஒற்றை நாயகனும் பலர்பாலும்: கணிப்பொறி விளையாட்டில் முன்னிலை

ஒருவர் தனித்திருந்து விளையாடுதற்கென அமைந்த கதைத்தொடர் ஒன்று, பல்லாயிரவர் ஒருசேரப் புகும் இணையவழி விளையாட்டாக மாற்றப்படும்போது மாறுவது யாது? பொறியியலார் இவ்வினாவிற்கு வலையமைப்பைக் கொண்டும், வணிகர் சந்தாத் தொகையைக் கொண்டும் விடை கூறுவர். மொழியியல் நோக்கில் முதற்கண் மாறுவது முன்னிலை இடமே ஆகும். 'நீ' என்று விளிக்கப்பட்டவர் ஒருவராக இருந்த நிலை போய், அவ்விளி ஒரே நேரத்தில் ஆயிரம் செவிகளில் விழுகிறது. இம்மாற்றத்தை இரண்டு தொடர்கள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், அவற்றைத் தமிழாக்க முனைவோர்க்கு எழும் சிக்கலையும் இக்கட்டுரை நோக்குகிறது.

முதலாவது, ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய அல்டிமா. இத்தொடரின் முதல் விளையாட்டு 1981இல் வெளிவந்தது. 1985இல் வந்த நான்காவது விளையாட்டே அதற்குத் தனிப்பெருமை தந்தது எனலாம். கொல்லப்பட வேண்டிய இறுதிப் பகைவன் என்று அதில் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களிலும் தேறி 'அவதாரம்' ஆவதே விளையாடுவோனின் குறிக்கோள். அறத்தைக் கற்பிக்கும் விளையாட்டு என்பதே அக்காலத்தில் புதுமை. அதற்கு வடமொழிச் சொல்லொன்றைத் தேர்ந்தெடுத்தது அதனினும் புதுமை.

இச்சொல்லின் பயணம் தனியே கருதத்தக்கது. 'கீழிறங்குதல்' எனும் வேர்ப்பொருள் கொண்ட இச்சொல், 1980களின் நடுப்பகுதியில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ஹேபிடாட் விளையாட்டிலும் இடம்பெற்று, திரையில் ஆடுபவரைக் குறிக்கும் உருவம் என்னும் பொருளைப் பெற்றது. பின்னர் அதுவே 'அவதார்' என்னும் ஆங்கில ஒலிப்புடன் தமிழுக்குத் திரும்பி வந்தது. இன்று தமிழில் 'அவதாரம்' ஒன்று, 'அவதார்' மற்றொன்று. முன்னது தெய்வத்திற்கு உரியது; பின்னது எவருக்கும் உரியது. அல்டிமாவின் நாயகன் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறான். அவன் ஆடுபவரின் உருவமும் ஆவான், உலகில் ஒருவனே என்னும் தகுதியும் உடையவன்.

அவதாரங்கள் ஒரே காலத்தில் இருத்தல் ஆகாதோ எனின், ஆகும். இராமகாதையில் பரசுராமனும் இராமனும் எதிரெதிர் நிற்கின்றனர். ஆயினும் அச்சந்திப்பின் முடிவில் முன்னவனின் ஆற்றல் பின்னவனிடம் சேர்ந்துவிடுகிறது. இருவர் சந்தித்தற்கே இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்க, ஒரு நகர வாயிலில் நூறு அவதாரங்கள் கூடினால் என் செய்வது?

1997 செப்டம்பரில் வெளிவந்த அல்டிமா ஆன்லைன் இதற்குத் தந்த விடை துணிவானது. அது நாயகனையே நீக்கியது. புகுவோர் எவரும் அவதாரம் அல்லர். கொல்லர், தையற்காரர், தச்சர், மீன்பிடிப்போர், வழிப்பறி செய்வோர் என அமைந்தனர். ஒரே உலகத்தின் பல படிகள் வெவ்வேறு கணிப்பொறிகளில் இயங்கியமைக்கும் கதைக்குள்ளேயே காரணம் காட்டப்பட்டது. முதல் விளையாட்டில் நாயகன் உடைத்த மணியின் ஒவ்வொரு சில்லிலும் ஓர் உலகம் சிக்கியுள்ளது என்றனர். தொழில்நுட்பக் குறையொன்றைக் கதைப்பொருளாக்கிய இவ்வுத்தியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அறம் என்னாயிற்று? தனியாளின் அகத்தில் அளக்கப்பட்ட அறம் கூட்டத்தில் அளக்க இயலாததாயிற்று. 1997 ஆகஸ்டில் நடந்த சோதனை ஓட்டத்தின்போது கேரியட் தாமே ஏற்று நடித்த பிரிட்டிஷ் பிரபு என்னும் அரசரை, கூட்டத்தில் நின்ற ஓர் ஆட்டக்காரர் தீ மந்திரத்தால் கொன்றுவிட்டார். மன்னருக்குரிய சாகாத்தன்மையை மீண்டும் இட மறந்திருந்தனர். வெளியீட்டிற்குப் பின் புதியவரைக் கொல்வது பெருகவே, 2000இல் உலகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒன்றில் ஒருவரையொருவர் கொல்லுதல் தடுக்கப்பட்டது. அறம் விதியாயிற்று. இதனை வீழ்ச்சி என்பார் உளர். கூட்டம் என்றொன்று உருவானதன் சான்றாகவே இதனை நான் கொள்கிறேன்.

இரண்டாவது, எல்டர் ஸ்க்ரோல்ஸ். மோரோவிண்ட் (2002), ஒப்ளிவியன் (2006), ஸ்கைரிம் (2011) ஆகியவற்றால் பெரும் அன்பைப் பெற்ற இத்தொடர் 2014 ஏப்ரலில் இணையவழி விளையாட்டாயிற்று. இங்கு நாயகன் நீக்கப்படவில்லை. ஆன்மா பறிக்கப்பட்ட ஒருவராகவே ஒவ்வொருவரும் தொடங்கினர். தீர்க்கதரிசி ஒருவர் அவரை 'எச்சம்' என்று பொருள்படும் சொல்லால் விளிக்கிறார். (இச்சொல்லைத் தமிழில் அப்படியே இட்டால் பெயரெச்சமும் வினையெச்சமும் நம் நினைவில் எழும், பொதுமக்களுக்கோ பறவையின் எச்சம்.) தலைமைக் கதையின் பகுதிகள் அவரவர் தனியே ஆடும்படி அமைந்தன. தனியறையில் உலகைக் காத்துவிட்டு வெளியே வந்தால், சந்தையில் நிற்கும் எல்லாரும் அவ்வுலகைத் தனித்தனியே காத்தவர்கள். ஒருமை முன்னிலையை மாற்றாமல் பல படிகள் எடுத்ததே இதன் உத்தி. கதை நயம் குறைவில்லை. பலர் அதனை விரும்பியே ஆடுகின்றனர். ஆனால் அங்கு 'நாம்' என்னும் சொல்லுக்கு இடம் அரிது.

இனி மொழிபெயர்ப்பிற்கு வருவோம். அல்டிமா ஆங்கிலத்தின் வழக்கிறந்த ஒருமை முன்னிலையைப் பயன்படுத்தியது. அது இறைவேண்டலில் எஞ்சியமையால் மதிப்புச் சொல் என இன்று கருதப்படுகிறது. வரலாற்றில் அது நம் 'நீ'க்கு நிகரானது. தமிழில் 'நீர்' இதற்கு நேரெதிர் வழியில் வந்தது: பன்மையாகத் தோன்றி, மதிப்பு ஒருமையாயிற்று. நான்காம் விளையாட்டின் தொடக்கத்தில் குறி சொல்லும் நாடோடிப் பெண் 'நீ' எனலே தகும். அவதாரம் ஆனபின் அரசர் 'நீர்' எனலாம். இணையவழி நகரத்தில் முன்பின் அறியாத வணிகர் 'வாரும்' என்று அழைத்தால், ஒருவரை மதித்தாரோ பலரை அழைத்தாரோ என்னும் ஐயம் பயனுள்ள ஐயமாகவே அமையும். 'வீரர்' என்னும் சொல்லும் இத்தகையதே. பலர்பால் ஈறு கொண்ட இது மதிப்பால் ஒருவரையும் குறிக்கும். ஆண் பெண் என்னும் வேறுபாட்டையும் தவிர்க்கும். ஆங்கிலம் ஒருமையா பன்மையா என முடிவு செய்தே ஆகவேண்டிய இடத்தில், தமிழ் முடிவைத் தள்ளிப்போட வல்லது.

தள்ளிப்போட இயலாத இடம் தன்மைப் பன்மை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அமைவது தமிழில் 'நாம்' என்றோ 'நாங்கள்' என்றோ பிரிந்தாக வேண்டும். கேட்பவரை உட்படுத்துவதா, விலக்குவதா என்பதை ஒவ்வொரு கதைமாந்தரின் கூற்றுக்கும் மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க நேரும்.

இதன் வலிமையைக் கோலார் தங்கவயலில் கண்டேன். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. ஒரு வீட்டுக் கணிப்பொறியில், ஒருவர் ஆடுதற்கென அமைந்த விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசைப்பலகை ஒரு சிறுவனிடம், சுற்றிலும் ஐவர். "நாம இந்தப் பக்கம் போலாம்டா" என்றான் கையில் ஏதுமற்ற ஒருவன். என்னிடம் திரும்பி, "நாங்க கோட்டைய புடிச்சிட்டோம்" என்றான் மற்றொருவன். திரௌபதி அம்மன் விழாவில் அருச்சுனன் தபசு மரம் ஏறுபவர் ஒருவரே. தவமோ ஊர் முழுவதற்கும் உரியது. அதுபோன்ற பங்கீடே இங்கும் நிகழ்ந்தது. அதே சிறுவர்கள் பின்னர்க் கைப்பேசியில், பலர் கூடியாடும் விளையாட்டை ஆளுக்கொரு மூலையில் அமர்ந்து ஆடினர். அப்போது கேட்டவை "நா போறேன்", "நீ ஏன் வரல", "என்ன காப்பாத்து" என்பனவே. தனியாள் விளையாட்டில் 'நாம்' ஒலித்தது. பலர் விளையாட்டில் 'நான்' ஒலித்தது. ஒரு மாலை நேரத்துக் கேள்வியைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாது. எனினும் உரையாடல்களைத் தமிழாக்குவோர், நூலின் முன்னிலையை மட்டுமன்றித் திரையின் முன் எத்தனை பேர் எவ்வாறு அமர்ந்துள்ளனர் என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டியுள்ளது. அச்சிறுவர்கள் பேசியவாறு எழுதினால், எல்டர் ஸ்க்ரோல்ஸின் தீர்க்கதரிசி 'நீ' எனவும், சந்தையில் அருகே நிற்கும் தோழர் 'நாம' எனவும் பேசுவர். அரசர் மட்டும் 'நீர்' என்பார்.