தண்டனையும் தணியாத நோயும்

கொழும்பில் 1980களில் பரவிய ஹெரோயின் பாவனைக்கு அரசு அளித்த விடை 1984இல் இரு வடிவங்களைப் பெற்றது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டமை ஒன்று. 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருப்போர்க்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை எனச் சட்டம் திருத்தப்பட்டமை மற்றொன்று. பின்வந்த காலத்தில் வலுப்பெற்றது தண்டிக்கும் கையே.

1976இன் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் 2022இல் 5 கிராம் ஐஸ் போதைப்பொருளுக்கும் அதே தண்டனை எழுதப்பட்டது. நிறைவேறாத தண்டனையை விரிப்பதால் அச்சம் வளர்வதில்லை, சிறைகளே நிரம்புகின்றன. 2023 டிசெம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையும் கைதானோர் தொகையையே வெற்றியின் அளவுகோலாகக் காட்டியது. அத்தொகையைப் பெருக்குவோர் சில்லறைப் பொட்டலத்துடன் அகப்படும் வறியோரேயன்றிப் பெருவணிகர் அல்லர்.

2007ஆம் ஆண்டுச் சட்டம் போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழிவகுத்தது உண்மையே. ஆயின் இராணுவப் பொறுப்பிலிருந்த கந்தகாடு நிலையத்திலிருந்து 2022இல் நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். சிகிச்சை நிலையம் சிறையாகத் தோன்றுமிடத்து நோயாளி கைதியாகவே நடந்துகொள்வான். சிறை புகுந்தோரையன்றி, நோய் நீங்கித் தொழிலுக்கு மீண்டோரை அரசு எண்ணத் தொடங்கும் நாளிலேயே அதன் கொள்கை மக்கள் நலக் கொள்கை எனும் பெயருக்கு உரியதாகும்.