கிழிந்த ஏட்டில் துப்பறிதல்

ரொறன்ரோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற வீடியோ கேமில் கொலையும் இல்லை, துப்பறிவாளரும் இல்லை. ஆனாலும் அது ஆடப்படும் விதம் மர்மக் கதைக்கு உரியதுதான். தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பாவிடம் தாயின் சமையற் குறிப்பேடு இருக்கிறது. காலம் 1988. ஏட்டின் பக்கங்கள் கிழிந்தும் கறை பிடித்தும் கிடக்கின்றன. எஞ்சிய சொற்களையும் படங்களையும் வைத்துக்கொண்டு, அழிந்த வரி என்ன சொல்லியிருக்கும் என்று ஆடுபவர் ஊகிக்க வேண்டும்.

இட்லித் தட்டுகளை அடுக்கும் கட்டத்தைப் பாருங்கள். குழிக்கு நேர் மேலே குழி வந்தால் மேல்தட்டு மாவை அழுத்தும். தட்டை மாற்றித் திருப்பி வைத்தால் மாவு உப்புவதற்கு இடம் கிடைக்கும். புதிரும் விடையும் ஒரே அடுப்பில் இருக்கின்றன. கதையை நிறுத்திவிட்டுப் பூட்டுக்குச் சாவி தேடவைக்கும் பல சாகச விளையாட்டுகளுக்கு இந்த இயல்பு வாய்ப்பதில்லை.

சிக்கல், ஆடுபவர் யார் என்பதில் தொடங்குகிறது. புட்டுக் குழலின் அடியில் சில்லைப் போடாமல் மாவைக் கொட்டினால் என்ன ஆகும் என்பது கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அயலாருக்குப் புதிராக இருப்பது இங்கே வெறும் கைவேலை. போதாததற்கு, தவறினால் உடனே மறுபடி முயலலாம். இழப்பு எதுவும் இல்லை. லூகாஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) என்ற விளையாட்டு வேறு மாதிரி. கப்பலில் இருந்த 60 பேரின் கதியையும் கண்டறிய வேண்டும். மூவரின் விடை சேர்ந்து சரியானால்தான் விளையாட்டு அதை உறுதிசெய்யும். குருட்டாம்போக்கு அங்கே செல்லாது. வெண்பாவுக்கு அவ்வளவு கெடுபிடி தேவையில்லை. கல்லாய்ப் போன இட்லியைக் கணவர் பாவலன் முகம் சுளிக்காமல் விழுங்கும் ஒரு காட்சி வந்திருந்தாலே போதும்.

மகன் கவின் வளர்ந்து அதே ஏட்டைத் திறக்கும்போதுதான் ஆட்டம் உச்சம் தொடுகிறது. அவனுக்குத் தமிழ் அரைகுறை. அந்தத் தடுமாற்றம் திரையிலும் தெரிகிறது. தாய் சமைத்தபோது குறை காகிதத்தில் இருந்தது. இப்போது வாசிப்பவனிடம் இருக்கிறது. சமையல் தெரிந்த தமிழ் வாசகரையும் இந்த இடம் திணறவைக்கும். ஆனால் இதற்கு முன்னால் ஆண்டுகள் தாவித்தாவி ஓடிவிடுகின்றன. பாவலன் வேலைக்கு அலைந்த காலம் சில உரையாடல்களில் முடிந்துவிடுகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்ற படைப்பு, இரண்டு மணிநேரம்கூட நீள்வதில்லை.

வாசிப்பவரின் மொழிக்குறையையே புதிராக்கும் இந்த உத்திக்குக் கண்டியில் இன்னும் கனமான கதை கிடைக்கும். 1660இல் பிடிபட்ட ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கைதியாக இருந்தார். அதை விளையாட்டாக்கினால், முதலில் திரையில் மங்கலாகத் தெரியும் சிங்களச் சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு தெளிவாகிக்கொண்டு வரலாம். 1679இல் சில்லறை வியாபாரி வேடத்தில் அவர் வடக்கே தப்பிச் செல்லும்போது, வழியில் ஒரு பேச்சுப் பிசகினாலும் அகப்பட்டுக்கொள்வார் என்று வைக்கலாம். அநுராதபுரத்தை நெருங்கியதும் எதிர்ப்பட்டவர்கள் தமிழ் பேசினார்கள். அது நொக்ஸுக்குப் புரியவில்லை. திரை மறுபடியும் மங்கிவிடும்.