கெராசிமின் தோள்

டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ 1886ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இறுதிப் பக்கங்களின் ஆன்ம ஒளியையே வியந்து நின்றுவிடுகின்றனர். கதையின் உயிர்நிலை அதுவன்று. கெராசிம் என்னும் பணியாளனின் தோளிலேயே அது இருக்கிறது.

நீதிபதி ஒருவன் வலியாற் சாகிறான். சிறுநீரகமா, குடல்வாலா என்று ஆராயும் மருத்துவர்கள், குற்றஞ்சாட்டப்பட்டோரை அவன் நோக்கியவாறே அவனை நோக்குகின்றனர். (இவ்வெள்ளல் டால்ஸ்டாய்க்கே கைவந்தது!) சுற்றத்தாரோ அவன் வெறுமனே நோயுற்றிருப்பதாக நடிக்கின்றனர். அப்பொய் அவனைப் பெரிதும் வதைக்கிறது. கெராசிம் மட்டும் நடிப்பதில்லை. மலச்சட்டியை எடுக்கிறான், சில நாட்களில் இரவு முழுவதும் எசமானின் கால்களைத் தோளிலே தாங்கியிருக்கிறான். தன் வேளை வரும்போது தனக்கும் யாரேனும் இதைச் செய்வார் என்பது அவன் நம்பிக்கை.

அந்த ‘யாரேனும்’ யார்? டால்ஸ்டாய் அதற்கு மேற் செல்லவில்லை. கூலியாளின் உறக்கமற்ற உழைப்பைக் குடியானவனின் இயல்பான அன்பாக மட்டுமே கண்டு அவர் அமைதியடைகிறார்.

விடை வேறிடங்களில் எழுந்தது. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் திறந்த புனித கிறிஸ்தோபர் இல்லத்தில், வலி தலைதூக்குமுன்னரே வேளை தவறாது மோர்பின் கொடுத்தனர். 1993இல் கோழிக்கோட்டிலே தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், பின்னர் கேரளத்து அயலவரையே பயிற்றி நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாக்கிற்று.

நம் சிறுகதைகளிலும் மரணப்படுக்கைக்குக் குறைவில்லை. அருகே விழித்திருந்து துணி மாற்றும் மருமகளுக்குத்தான் பெரும்பாலும் ஒரு வசனமும் கிடைப்பதில்லை.