மீட்ட அம்பும் விட்ட அம்பும்

காளிதாச மகாகவி இயற்றிய இரகுவமிசத்தின் ஒன்பதாஞ் சருக்கம் தசரதனுடைய ஆட்சியையும், வசந்தகாலத்தையும், அவன் ஆடிய வேட்டையையும், அவ்வேட்டையின்கண் விளைந்த சாபத்தையும் கூறுவது. நல்லூர் அரசகேசரி இக்காவியத்தைத் தமிழிற் பாடிவைத்தமையால் யாழ்ப்பாணத்துக் கற்றோர்க்கு இது புதியதன்று. வடமொழியிற் கற்போர் இச்சருக்கத்தைப் பெரிதும் போற்றுவது அதன் மடக்கணி பற்றியேயாம். ஈற்றடிதோறும் எழுத்துக்கள் மடங்கிவரும் நயத்தைப் பிரித்துப் பொருள் சொல்லுவதிலேயே பாடவேளை கழிந்துவிடும். மடக்கு முடிந்தபின் வருகின்ற மான், அதனாற் போலும், தனக்குரிய கவனத்தைப் பெறுவதில்லை.

அம்மான் வருமாறு காண்க. தசரதன் குதிரைமீது காட்டினுட் புகுகின்றான். பால் குடிக்கும் கன்றுகள் இடையிடையே மறித்தலால் நடை தளர்ந்த பிணைகளும், அவற்றுக்கு முன்னே செருக்குடன் செல்லும் இரலையுமாக ஒரு மான்கூட்டம் எதிர்ப்படுகின்றது. அரசன் தூணியிலிருந்து அம்பை வாங்குகின்றான்; கூட்டம் சிதறி ஓடுகின்றது. அவன் ஓர் இரலையைக் குறிவைக்கின்றான். அப்பொழுது அதன் பிணை தன் உடலை இடையே மறைப்பாக நிறுத்தி நிற்கின்றது. நாண் காதளவும் இழுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அம்பு விடப்படவில்லை. தானும் காதலனாதலின் அவன் மனம் கருணையால் நெகிழ்ந்தது என்றும், அம்பை மீட்டுக்கொண்டான் என்றும் கவி கூறுகின்றார். அடுத்து, வேறு மான்களை எய்யப் புகுந்தபோதும், அச்சத்தால் மருளும் அவற்றின் கண்கள் தன் காதலியரின் நோக்கை நினைவூட்ட, அவன் பிடி தானே தளர்ந்தது.

தமிழ்ச் சான்றோர் செய்யுட்களைப் பயின்றார்க்குப் பாலைக்கலியில் வரும் ஒரு காட்சி இவ்விடத்தில் நினைவுக்கு வரும். ஆங்கே நிழலின்றி வருந்தும் பிணைக்குக் கலைமான் தன் நிழலைக் கொடுத்துக் காக்கும். ஈண்டுப் பிணையே காவலாய் நிற்கின்றது. இரண்டும் அன்பின் திறங்களே. ஆயினும் பாலைக்கலியில் அம்பு இல்லை. அக்காட்சியைக் காண்பவன் கையில் வில்லேந்தி நிற்கவில்லை. காளிதாசரோ அன்பைக் கொலையின் முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றார்.

இச்செய்யுளைத் தசரதனது அருளுடைமைக்குச் சான்றாக எடுத்துக் காட்டுவது வழக்கம். அவ்வாறு கூறுதல் பிழையன்று. ஆனால் நிரம்பிய உரையன்று. அம்பை மீட்டதற்குக் கவி சொல்லும் காரணம் ஒன்றே: அவன் காமி, அஃதாவது காதல் வயப்பட்டவன். கொல்லாமை நன்று என்னும் துணிவினால் அவன் விடுத்தானல்லன். விலங்கிலே தன்னைக் கண்டான், ஆதலால் விடுத்தான். தன்னைக் காணவியலாத இடங்களில் யாது நிகழ்ந்தது என்பதைப் பின்வரும் செய்யுட்கள் மறைக்கவில்லை. பன்றிகளும் எருமையும் புலிகளும் சிங்கங்களும் அம்புக்கு இரையாகின்றன. குதிரையின் அருகே பறந்துவந்த மயிலை மட்டும் அவன் எய்யவில்லை. அதன் தோகை, மாலை சூடிக் குலைந்த காதலியின் கூந்தலை நினைப்பித்தது என்பதே அதற்கும் காரணம். எனவே அவனுடைய கருணை கண்வழிப் பிறப்பது. ஒப்புமை உள்ளவிடத்துத் தோன்றி, அஃது இல்லாவிடத்து மறைவது.

இந்த வேறுபாட்டைக் கவி வேண்டுமென்றே அமைத்தார் என்பதற்குச் சருக்கத்தின் சொல்லமைதியே சான்றாகும். தொடக்கத்தில், ஏழாஞ் செய்யுளில், வேட்டை விருப்பமோ சூதோ மதுவோ இளமங்கையோ உயர்வுக்கு முயலும் அவனைக் கவர்ந்து செல்லவில்லை என்று புகழ்கின்றார். வேட்டை வருணனையின் முடிவிலோ, அமைச்சர்மேல் அரசபாரத்தை வைத்துப் பிற கடமைகளையும் மறந்த அவனை, வேட்டையானது சதுரப்பாடுடைய ஒரு காமினியைப்போலக் கவர்ந்துகொண்டது என்கின்றார். கவர்தலைக் குறிக்கும் வினை ஈரிடத்தும் ஒன்றே. காமியாய் இருந்தமையால் மானை விடுத்தவன், அக்காமத்தின் வழியாகவே வேட்டை என்னும் காமினிக்கு அகப்பட்டான். மானைக் காத்த குணமும் மன்னனைக் கெடுத்த குணமும் வேறல்ல என்பதை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது.

வேட்டையைக் கவி முற்றாகப் பழித்தார் என்று கொள்ளுதல் ஆகாது. அசையும் குறியை எய்யும் பயிற்சி, விலங்குகளின் அச்சமும் சினமும் அறியும் அறிவு, உடலின் உறுதி என அதன் பயன்களை அவரே எடுத்தோதுகின்றார். கௌடலியரும் பொருள்நூலிற் சூதோடு ஒப்பிட்டு வேட்டையின் குற்றம் சிறிதென்றே வாதிடுவர். ஆகவே கவி எழுப்பும் வினா வேட்டை ஆகுமா ஆகாதா என்பதன்று. வில்லை வளைத்தபின் அம்பை நிறுத்துவது எது என்பதே.

அதற்குரிய சோதனை தமசை நதிக்கரையில் நிகழ்கின்றது. ருரு என்னும் மானொன்றின் தடத்தைப் பற்றிப் பரிவாரத்தினின்றும் பிரிந்த அரசன், களைத்து நுரை தள்ளும் குதிரையோடு தவத்தோர் நீராடும் அந்நதியை அடைகின்றான். முன்னே மானை விடுத்தவனை அங்கே கொண்டு சேர்ப்பதும் ஒரு மானே! நீரிற் குடம் நிறையும் ஒலி எழுகின்றது. யானையின் முழக்கம் என்று கருதி, ஒலியைக் குறியாகக் கொண்டு செல்லும் அம்பை விடுகின்றான். மருண்ட கண் அங்கே இல்லை; மறைத்து நிற்கும் உடலும் இல்லை; கூந்தலை ஒத்த தோகையும் இல்லை. கருணை பிறத்தற்குரிய வாயில் அடைபட்டுவிட்டது. வீழ்ந்தவன் பார்வையிழந்த தாய்தந்தையர்க்கு நீர் முகக்க வந்த தவச்சிறுவன்.

யானையே அங்கு நின்றிருப்பினும் அதனை எய்தல் தகாது. போரிலன்றி யானையைக் கொல்லுதல் அரசர்க்கு விலக்கு. அதனைக் கடந்து தசரதன் செய்தான் என்று கூறும் கவி, கேள்வியுடையாரும் இராசத குணத்தாற் கண் மூடப்படின் நெறியல்லாத நெறியில் அடிவைப்பர் என்று இரங்குகின்றார். ஈண்டு வந்த 'கேள்வியுடையார்' என்னும் பொருள்படும் சொல், ஐந்தாஞ் சருக்கத்தை நோக்கிக் கற்பாரைத் திருப்ப வேண்டும். ஆங்கே தசரதனின் தந்தையாகிய அயன், நருமதைக் கரையில் தன் சேனைமேற் பாய்ந்த காட்டியானையை எதிர்ப்படுகின்றான். காட்டியானை அரசராற் கொல்லப்படத்தக்கதன்று என்னும் கேள்வியுடையனாதலின், அதனைத் திருப்பும் அளவிற்கே வில்லைச் சிறிது வளைத்து மத்தகத்தில் எய்கின்றான். அந்த யானை சாபம் நீங்கிக் கந்தருவனாகி அவனுக்குப் படைக்கலம் ஈந்து செல்கின்றது. தந்தையின் அளவான அம்பு பிறனொருவனைச் சாபத்தினின்றும் விடுவித்தது. மைந்தனின் அளவிறந்த அம்பு தனக்கே சாபத்தைத் தேடிக்கொண்டது. தந்தையை நிறுத்தியது காதலோ ஒப்புமையோ அன்று, கற்ற விதி. யானை அன்பிற்குரியதாகத் தோன்றாவிடினும், உயிர்க்கு ஆபத்தாய் வரினும் அவ்விதி நினைவில் நின்றது. மைந்தன் செவியில் ஒலி புகுந்தது, கேள்வி புகவில்லை.

இங்கு ஒரு தடை எழுதல் கூடும்: தசரதன் சிறுவனை எய்த கதை வான்மீகருடையது, அதனைக் காளிதாசர் உள்ளவாறே எடுத்தாண்டார், ஆகவே மானுக்கும் சிறுவனுக்கும் தொடர்பு காணுதல் கற்பவரின் கற்பனையேயாம் என்பது. வான்மீகத்தை ஒப்பு நோக்கின் இத்தடை நில்லாது. அங்கே தசரதன் இளவரசன்; கோசலை இன்னும் அவனுக்கு மனைவியாகவில்லை; காலம் கார்காலம்; ஆறு சரயு; இருளில் நீருண்ண வரும் விலங்கை எதிர்நோக்கியிருந்தான். காளிதாசர் அவனை அரசனாக்கினார், மூன்று தேவியரை மணந்தவனாக்கினார், காலத்தை வசந்தமாக்கினார். காதலனாகவே அவன் காடு புகவேண்டும் என்பதன்றி இம்மாற்றங்களுக்கு வேறு காரணம் காண்டல் அரிது. மான் பொருட்டே மணம் முற்பட்டது என்று சொல்லினும் இழுக்காது. கம்பரோ, நகர்நீங்கு படலத்தில், வான்மீகரைப்போலவே தசரதன் தன் பழம்பழியைக் கோசலைக்குத் தானே உரைப்பதாகப் பாடுவர். வேட்டைக்காட்சியை விரித்துக் காட்டுதற்கு அம்முறையில் இடமில்லை.

சாகுந்தலத்தின் முதலங்கமும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. துஷ்யந்தனும் மானைத் துரத்தி வில்லை வளைத்தவனே. அவன் அம்பை மீட்டது தன் நெஞ்சின் நெகிழ்ச்சியால் அன்று. இஃது ஆச்சிரமத்து மான், கொல்லத்தகாது என்று தவசியர் இடைபுகுந்து தடுத்த சொல்லால். சகுந்தலையின் நோக்கை மான்களிற் கண்டு வில்லெடுக்க மாட்டாதவனாவது இரண்டாமங்கத்தில். அங்கே விதி முன்னும் காதல் பின்னுமாக நிற்கின்றன. அம்பை மீட்ட அவனுக்குச் சக்கரவர்த்தியாகும் மகனைப் பெறுவாய் என்ற வாழ்த்துக் கிடைத்தது.

தசரதனுக்குக் கிடைத்ததும் மகனைப் பற்றிய சொல்லே. முதுமையில் நீயும் மகனை நினைந்து வருந்தி இறப்பாய் என்றார் முதிய தவத்தர். மகவின் முகம் காணாத அரசன் அச்சாபத்தையும் ஓர் அருளாகவே ஏற்றான். பின் அம்முனிவர்முன் நின்று, கருணை நீங்கியவனாகிய தான் இனிச் செய்யத்தக்கது யாது என்று வினவினான். கருணையால் நெகிழ்ந்த மனத்தினன் என்று மானின் முன்னே கவியாற் புகழப்பட்டவன், தன்னைக் குறிக்கத் தானே தேர்ந்துகொண்ட சொல் அது. முதியோர், மைந்தனோடு செல்லும்பொருட்டு, எரிமூட்டிய விறகையே வேண்டினர். அதனை நிறைவேற்றி, வடவைத்தீயை உள்ளடக்கிய கடல்போலச் சாபத்தை அகத்தே தாங்கியவனாய்த் தசரதன் நகர்க்கு மீண்டான்.