லீ-என்ஃபீல்டு துப்பாக்கிச் சேகரிப்பும் 'எண் பொருத்தம்' என்னும் அளவுகோலும்

'எண் பொருத்தம்' என்பது பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் ஒரு துப்பாக்கியின் மதிப்பைக் கணிக்கக் கையாளும் முதன்மையான அளவுகோல். குழல், போல்ட், குழல்முனைத் தொப்பி, முன்கட்டை, இவற்றையெல்லாம் தாங்கும் எஃகு உடலான ரிசீவர் ஆகியவற்றில் பொறித்துள்ள வரிசை எண்கள் ஒன்றாக இருந்தால் அது 'பொருந்திய' துப்பாக்கி. ஒன்று மாறியிருந்தாலும் விலை இறங்கும். போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகையைச் சேர்ந்த ஜெர்மானிய மௌசர், ரஷ்ய மோசின்-நாகன்ட், ஜப்பானிய அரிசாகா, பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு அனைத்தும் இந்த ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. லீ-என்ஃபீல்டைப் பொறுத்தவரை இது தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்கிறது.

தமிழ்நாட்டில் 'த்ரீ நாட் த்ரீ' என்று வழங்கும் காவலர் துப்பாக்கி இதுவே. தேசிய மாணவர் படையில் சேர்ந்த மாணவர்கள் அணிவகுப்பில் தோளில் சுமந்ததும் இதையே.

வாசிக்கும் முறை

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட், தோட்டாப்பெட்டி அமைப்பை பிரிட்டன் 1888இல் ஏற்றது; பின்னர் அது லீ-மெட்ஃபோர்டு எனப்பட்டது. 1895இல் குழலின் உட்காடி மாற்றப்பட்டு அது லீ-என்ஃபீல்டு ஆனது. 1902 இறுதியில் குட்டையான வடிவமும், 1907இல் அதன் மார்க் 3 வகையும் வந்தன. முதல் உலகப்போரின் நடுவே, 1916 தொடக்கத்தில், உற்பத்தியை விரைவுபடுத்தச் சில உறுப்புகளை விட்டுவிட்டு மார்க் 3 நட்சத்திரம் என்ற வகை ஏற்கப்பட்டது.

இந்தத் துப்பாக்கியின் அடையாளம் பட் சாக்கெட்டில் இருக்கிறது. அடிக்கட்டை வந்து நுழையும் எஃகுக் கூடு அது. அதன் வலப்புறத்தில் மேலிருந்து கீழாக மகுடம், அரசரின் பெயரெழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, வகை என்று வரிசையாகப் பொறித்திருக்கும். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., எல்.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இஷாப்பூர் ஆகியவை குட்டை வடிவத்தைச் செய்த முக்கியமான தொழிற்சாலைகள்.

போலிகளைப் பிடிப்பதும் இங்கேதான். இன்று பாகிஸ்தானிலுள்ள கைபர் கணவாய்ப் பகுதியின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கைவேலையாகச் செய்த நகல்கள் ஏராளம். அங்கே கொல்லர் எழுத்தைப் படமாகப் பார்த்துச் செதுக்குகிறார். அதனால் 'என்' எழுத்து இடவலம் மாறி நிற்கும். விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்தார். அவரது 'வி.ஆர்.' எழுத்துகள் 1902க்குப் பிறகான ஆண்டு பொறித்த துப்பாக்கியின் மேல் இருந்தால் அது நகல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எட்டாம் படிக்கும் மாணவருக்கும் தெரிந்த வரலாற்றுத் தேதி ஒன்று போதும்; ஆனாலும் இவற்றை அசலென்று நம்பி வாங்குவோர் உண்டு.

அளவுகோலின் பிழை

எண் பொருத்தம் சில நாட்டுத் துப்பாக்கிகளுக்கு நியாயமானது. இரு உலகப்போர்களிலும் நடுநிலை வகித்த ஸ்வீடனின் மௌசர்கள் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் கே-31 துப்பாக்கியில் அடித்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த வீரரின் பெயர்ச்சீட்டுக்கூடச் சில வேளை கிடைக்கும். அங்கே மாறாத எண் மாறாத வரலாற்றைக் காட்டுகிறது.

லீ-என்ஃபீல்டு அப்படி வாழ்ந்ததல்ல. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் துப்பாக்கியைத் தூக்கி எறியவில்லை; பழுது பார்த்துப் பழுது பார்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டியது. குழல் தேய்ந்தால் புதுக்குழல், கட்டை பிளந்தால் புதுக்கட்டை. படைப்பிரிவின் ஆயுதப் பழுதாளர் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புது எண்ணைப் பக்கத்தில் பொறிப்பார். தொழிற்சாலைக்கே திரும்பி முழுமையாகச் செப்பனிடப்பட்டவற்றில் 'எஃப்.டி.ஆர்.' என்ற எழுத்துகளும் ஆண்டும் சேரும். வலுவிழந்தவற்றுக்கு 'ஈ.ஒய்.' என்ற முத்திரை. அவை அவசர காலத்துக்கும் கையெறிகுண்டு ஏவுவதற்கும் ஒதுக்கப்பட்டன. சுடவே கூடாதவற்றுக்கு 'டி.பி.', அதாவது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும்.

கோடிட்டு அடித்த எண்ணைக் குறை என்று சேகரிப்பாளர் படிக்கிறார். உண்மையில் அதுவே ஆவணம். 1912இல் பிறந்த துப்பாக்கி 1940களிலும் பணியில் இருந்தது என்பதை அந்தக் கோடுதான் சொல்கிறது. எல்லா எண்ணும் பொருந்திப் பளபளக்கும் துப்பாக்கி அலமாரியிலேயே கிடந்திருக்கலாம், அல்லது யாரோ அண்மையில் எண்ணைப் பொறித்திருக்கலாம். அளவுகோல் விலையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும் முத்திரை அச்சு வாங்கியவர்களும் பெருகினர்.

இதைவிடப் பெரிய சேதம் 'மீட்டெடுத்தல்' என்ற பெயரில் நடக்கிறது. 1916க்கு முந்திய மார்க் 3இல் தோட்டாப்பெட்டியை மூடும் தடுப்புத் தகடும், நெடுந்தொலைவுக்குக் கூட்டமாகச் சுடுவதற்கான பக்கவாட்டுக் குறிநோக்கியும் உண்டு. பழுது பார்க்கும்போது இவை நீக்கப்பட்டன. சேகரிப்பாளர் புதிதாகச் செய்த உறுப்புகளை வாங்கிப் பொருத்தி, பணியில் உழைத்த முன்கட்டையைக் கழற்றி எறிந்து, துப்பாக்கியை 1914ஆம் ஆண்டுக்குத் திருப்புகிறார். பார்க்க அழகுதான். ஆனால் எறிந்த கட்டையோடு முப்பது ஆண்டுத் தடயமும் போய்விட்டது. பழைய ஓலைச்சுவடியில் பின்னால் வந்தவர் எழுதிய குறிப்புகளைச் சுரண்டி எடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு.

ஒரே ஒரு இடத்தில் எண் பொருத்தம் உண்மையிலேயே முக்கியம். அது போல்ட். காரணம் தூய்மை அல்ல, பாதுகாப்பு. 303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு அமரும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால், சுடும்போது தோட்டாவின் கூடு பின்பக்கம் கிழியும். ஒவ்வொரு போல்ட்டும் அதன் ரிசீவருக்கென்றே பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் வந்த நான்காம் எண் வகைக்கு 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் போல்ட் தலைகள் தயாரானது இந்த இடைவெளியைச் சரிசெய்யவே. எனவே மாறிய போல்ட் உள்ள துப்பாக்கியை விலை குறைத்துக் கேட்பதோடு நிறுத்தாமல், அளவுமானி கொண்டு சோதிக்கும்வரை சுடாமல் இருப்பதே முறை. விற்பனை விவரணைகள் பலவும் விலையை மட்டுமே பேசி இதை விட்டுவிடுகின்றன.

நூல்கள்

இத்துறையில் முதல் பெரிய நூல் ஈ.ஜி.பி. ரெய்னால்ட்ஸ் 1960இல் வெளியிட்ட 'தி லீ-என்ஃபீல்டு ரைஃபிள்'. ஆஸ்திரேலியரான இயன் ஸ்கென்னர்டன் 1982லும் பின் விரிவாக 1993லும் எழுதிய நூல்களே இன்று சேகரிப்பாளரின் கைநூல்கள். பிரிட்டிஷ் ராணுவம் தன் தளவாடங்களில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்த 'லிஸ்ட் ஆஃப் சேஞ்சஸ்' தொகுப்பை மறுபதிப்பித்ததும் அவரே. அந்த உழைப்பு இல்லையேல் இன்று முத்திரைகளைப் படிக்கவே முடியாது. எனினும் அரசு ஆணையை அடிப்படையாகக் கொண்ட நூல், துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிடப்பட்டதோ அதைத்தான் துல்லியமாகச் சொல்லும். கையில் இருப்பது ஆணை அல்ல, ஆணைக்குப் பின் நாற்பது ஆண்டு. நூலின் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் 'கோளாறு' என்று எண்ணும் வழக்கம், நூலாசிரியரைவிட வாசகரின் பிழை.

இஷாப்பூர்

அளவுகோலால் அதிகம் பாதிக்கப்பட்டது கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையின் துப்பாக்கிகள். 'ஆர்.எஃப்.ஐ.' முத்திரையைக் கண்டதும் தாழ்ந்த சரக்கு என்று ஒதுக்கும் மனப்போக்கு மேலைச் சந்தையில் உண்டு. முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே செலுத்திய திருகைக்கூட, அசலைக் கெடுத்த வேலை என்று சொல்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் என்னாகும் என்பதை அறிந்த தச்சனின் தீர்வு அது.

பிரிட்டன் நான்காம் எண்ணுக்கு மாறிய பிறகும் இஷாப்பூர் பழைய குட்டை வடிவத்தையே செய்தது. சுதந்திரத்துக்குப் பின் மகுடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. பட் சாக்கெட்டில் ஓர் அரசு போய் இன்னொன்று வந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் துப்பாக்கி வேறு அரிது. சிறைக்காவலுக்கும் காவல்துறைக்கும் என்று உட்காடி நீக்கி .410 அளவில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளாக மாற்றியவையும் உண்டு. பிடுங்கிச் செல்பவருக்குத் தோட்டா கிடைக்கக் கூடாது என்ற காலனிய அச்சம் அதில் தெரிகிறது. போர்க்களம் காணாதது என்று இதைச் சேகரிப்பாளர் மதிப்பதில்லை. சமூக வரலாற்றுக்கு இதுவே மேலான சான்று.

1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 மி.மீ. தோட்டாவுக்கென இஷாப்பூர் செய்தவை 2ஏ, 2ஏ1 வகைகள். பழைய 303ஐத் துளை மாற்றிச் செய்தவை என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது பிழை. இவை வலுவான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை. 12 தோட்டா கொள்ளும் சதுர வடிவத் தோட்டாப்பெட்டியைப் பார்த்தாலே இனம் காணலாம். 2ஏயின் பின் குறிநோக்கி 2000 மீட்டர் வரை அளவிடப்பட்டிருந்தது; 2ஏ1இல் 800 மீட்டராகக் குறைத்தார்கள். வகைப்பெயரும் பட் சாக்கெட்டிலேயே இருக்கிறது. படிக்காமலே எழுதுவதால் வரும் பிழை இது.

சட்டமும் பெயரும்

'பழமைப்பொருள்' என்ற சொல்லும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898 முடியச் செய்தவையே பழம்பொருள். எனவே நீண்ட லீ-என்ஃபீல்டில் ஒரு பகுதி உள்ளே, குட்டை வடிவமாகவே புதிதாகச் செய்தவை வெளியே. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழைய ஆயுதத்துக்கே விலக்கு அளிக்கிறது. வீட்டுப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் காவல் நிலையம். விலை கேட்பது அதற்குப் பின்.

அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் எழுதும் விவரணையில் 'எண் பொருந்தவில்லை' என்ற இரு சொற்களுக்குப் பதிலாக எந்த உறுப்பில் எந்த எண், எது கோடிடப்பட்டது, எந்த ஆண்டில் செப்பனிடப்பட்டது, முன்கட்டையில் திருகு உண்டா, அடிக்கட்டையின் பித்தளை வட்டில் எந்தப் படைப்பிரிவு என்று வரிசையாகப் பதிய வேண்டும். அப்பதிவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். எண்ணெய்த் துணியும் உருப்பெருக்கியும் போதும். உப்புத்தாளைத் தொடவே கூடாது.